ஞாயிறு வேலைநாளாக இருந்த ஊரில்: பாசிர் கூடாங் தமிழ்க் கிறிஸ்தவரும் அடுத்த தலைமுறையும்

2014 ஜனவரி முதல் 2024 டிசம்பர் வரை, பதினோரு ஆண்டுகள், ஜோகூர் மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்தது. அரசு அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறை. முஸ்லிம்களின் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வசதியாகச் செய்யப்பட்ட மாற்றம் அது. தனியார் நிறுவனங்கள் வார விடுமுறையைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று விடப்பட்டதால், வெளிநாட்டு வணிகத்தை நம்பிய நிறுவனங்கள் பல சனி, ஞாயிறையே வைத்துக்கொண்டன. பாசிர் கூடாங் மாதிரியான துறைமுக ஊரில் ஒரே வீட்டுக்குள் இரண்டு நாட்காட்டிகள் ஓடின. அப்பாவுக்கு ஓய்வான ஞாயிறில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைக்கு ஓய்வான வெள்ளியில் அப்பா வேலையில். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் அம்மா இருந்தால் அவருக்கு வேறொரு கணக்கு.

2014இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்தை எட்டியது 2024இல். அதன் பள்ளி வாழ்வு ஏறக்குறைய முழுதும் ஓய்வான ஞாயிறு காலை என்ற ஒன்று இல்லாமலே கழிந்தது. இன்று அது பதினெட்டைத் தாண்டிய வாலிபனோ வாலிபப் பெண்ணோ. பிள்ளைகள் கோயிலுக்கு வருவதில்லை என்று சபைக் கூட்டங்களில் நாம் வருந்திப் பேசுவது பெரும்பாலும் இந்த வயதினரைப் பற்றித்தான்.

அந்த வருத்தத்துக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் கைபேசி, ஆங்கிலம், நண்பர்கள். அவற்றில் உண்மை உண்டு. ஆனால் பாசிர் கூடாங்கை முன்னால் வைத்து யோசிக்கும்போது அவை இரண்டாம் இடத்துக்குப் போகின்றன. விசுவாசம் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போவது எக்காலத்திலும் வீட்டில், பெரியவரும் சிறியவரும் சேர்ந்திருந்த நேரத்தில் நடந்திருக்கிறது. இந்த ஊரில் அந்த நேரம் சிதறிப்போனது. சபைகள் ஞாயிறு பள்ளி வகுப்பை வேறு நாளுக்கு மாற்றின. வீட்டில் போன நேரத்துக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. என் வாதம் இதுதான்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1970களுக்கு முன் இந்தப் பக்கம் மீனவர் கம்பங்களும், கித்தா, செம்பனைத் தோட்டங்களும். 1977இல் ஜோகூர் துறைமுகம் திறந்தபின் எண்ணெய், இரசாயனம், உரம், இரும்பு என்று ஆலைகள் வந்து நிறைந்தன. 2020இல் மாநகர் தகுதியும் கிடைத்தது. தோட்டங்கள் துண்டாகி, விற்கப்பட்டு, வீடமைப்புத் தாமான்களாக மாறியபோது லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் மாசாய், பிளெந்தோங், பாசிர் கூடாங் தாமான்களுக்கு வந்து சேர்ந்தன. பிளெந்தோங்கில் உள்ள புனித சூசையப்பர் ஆலயம் இந்த வட்டாரக் கத்தோலிக்கரின் பழைய அடையாளம். அது 1972இல் அமைந்த மலாக்கா-ஜோகூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. லுத்தரன், மெதடிஸ்ட் குடும்பங்களும் உண்டு. கடைவீட்டு மாடிகளில் கூடும் பெந்தெகொஸ்தே சபைகளும் உண்டு.

எண்ணிக்கையில் இவர்கள் மிகச் சிறியவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியரில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மாநிலங்களில். 2010 கணக்கெடுப்பில் மலேசிய இந்தியரில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காடு. நாட்டிலும் சிறுபான்மை, இந்தியருக்குள்ளும் சிறுபான்மை. தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒருவரோ இருவரோ இருக்கலாம். சரஸ்வதி பூசை நாளில் அந்த ஒருவர் எங்கே நிற்பது, என்ன சொல்வது என்று வீட்டில் யாராவது முன்கூட்டிப் பேசியிருக்கிறார்களா? பள்ளியைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. பக்கத்துத் தோழியின் பக்தியை மதித்துக்கொண்டே தன் விசுவாசத்தில் நிற்பது எப்படி என்பது ஒரு குழந்தைக்குப் பெரிய பாடம். அந்தப் பாடம் எந்த ஞாயிறு பள்ளிப் புத்தகத்திலும் கிடைக்காது. பக்கத்து வீட்டோடு பழகிய அம்மாவால்தான் அதைச் சொல்லித் தர முடியும்.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் தொடக்கமே, வீட்டில் யார் சொல்லித்தருவது என்ற கேள்வியோடு பின்னியிருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அவர் இருந்தது முத்துக்குளித்துறையில், பரதவர் ஊர்களில். ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்துத் தெருப் பிள்ளைகளைத் திரட்டினார். பிள்ளைகள் கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. தான் அடுத்த ஊருக்குப் போனபின் வேலை நிற்காமலிருக்க ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். குருவானவர் எப்போதும் இருக்க மாட்டார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு போட்ட திட்டம் இது.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அண்டிரிக் அடிகளார் தந்த அந்தப் பதினாறு பக்கங்கள் விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேசம். லுத்தரன் பக்கமும் இதே கதைதான். மார்ட்டின் லுத்தர் 1529இல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுத்தர வேண்டியது என்று பகுதிதோறும் தலைப்பிலேயே குறித்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அதைத் தமிழாக்கினார். அந்த மரபிலிருந்து வந்ததுதான் பின்னாளில் தன்னாட்சி பெற்ற மலேசிய லுத்தரன் சபை. அச்சு இயந்திரத்தைக் கைக்கொண்ட தமிழ்க் கிறிஸ்தவம் முதலில் அச்சிட்டுக் கொடுத்ததே வீட்டுக்கான பாடம். இந்த ஒழுங்கு பின்னால் தலைகீழானது. பாடம் வகுப்பறைக்குப் போனது. வீடு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கூப்பிட்டுப் போகும் இடமாகியது.

மலாயாத் தோட்டக் காலத்தில் அந்தப் பழைய ஒழுங்கு இன்னும் உயிரோடிருந்தது. தோட்டத்துக்கு ஐயரோ சாமியாரோ எப்போதாவதுதான் வருவார். இடைப்பட்ட நாட்களில் உபதேசியார் இருந்தார், அல்லது எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு கிராணி, அல்லது ஊரிலிருந்து ஜெபப்புத்தகத்தைப் பெட்டியில் வைத்துக் கப்பலேறிய ஒரு பாட்டி. காலையில் பால்வெட்டு, மாலையில் எல்லாரும் லயத்தில். விளக்கு வைத்ததும் ஒரு வீட்டில் ஜெபமாலை தொடங்கினால் பக்கத்து வீடுகளும் சேர்ந்துகொள்ளும். அடிமைத்தனத்துக்கு அருகில் இருந்த அந்தத் தோட்ட வாழ்க்கையை நான் அழகுபடுத்தவில்லை. கூலி குறைவு, கல்வி குறைவு, குடி அதிகம். ஆனாலும் மாலை ஆறுமணிக்கு மேல் குடும்பம் ஒன்றாக இருந்தது. பேரன் பாட்டியின் மடியில் ஜெபத்தைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தான்.

பாசிர் கூடாங்கில் அந்த ஆறுமணி இல்லை. பன்னிரண்டு மணிநேர ஷிப்ட்டில் அப்பா காலை ஏழுக்குப் போனால் மாலை ஏழுக்கு வெளியே வருகிறார். அடுத்த வாரம் இரவு ஷிப்ட். சிங்கப்பூர் வேலை என்றால் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் காஸ்வே வரிசை. வருமானம் தோட்டத்தை விடப் பல மடங்கு, பிள்ளைகளின் படிப்பும் உயர்ந்தது. அதற்கான விலையை மாலை நேரத்தில் கொடுத்தோம். இதில் பெற்றோரைக் குற்றஞ்சாட்டிப் பிரசங்கம் செய்வது கொடுமை. வீட்டுக்கடன் கட்ட ஓவர்டைம் செய்யும் தகப்பனிடம் குடும்ப ஜெபம் ஏன் இல்லை என்று அதட்டுவதால் என்ன வரும்?

இன்னொரு வேறுபாட்டைச் சபைகள் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் இரண்டு விதமான கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒன்று, திருநெல்வேலி, நாகர்கோவில், தஞ்சாவூர், யாழ்ப்பாணம் என்று வேர்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாக இருப்பவை. மற்றது, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நோய், குடி, கடன் என்று ஏதோ ஒரு நெருக்கடியில் சபைக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றவை. பெந்தெகொஸ்தே சபைகளில் இவர்களே அதிகம்.

முதல் வகையினருக்குப் பழக்கம் இருக்கிறது, அனுபவம் குறைவு. திடப்படுத்தல் ஆராதனைக்கும் திருமணத்துக்கும் கோயில் வேண்டும். அதற்கிடையே என்ன என்று கேட்டால் பதில் மெலிகிறது. இரண்டாம் வகையினருக்கு அனுபவம் பொங்கி வழிகிறது. தகப்பன் சாட்சி சொல்ல எழுந்தால் கேட்பவர் கண் கலங்கும். குடியிலிருந்து மீண்ட கதை அது. ஆனால் அவர் மகள் குடித்ததில்லை, அவளுக்கு மீள்வதற்கு எதுவும் இல்லை. அப்பாவின் சாட்சியை அவள் இரவல் வாங்க முடியாது. அப்பாவோ கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர் இல்லை. சாதாரண செவ்வாய்க்கிழமையில் விசுவாசம் எப்படியிருக்கும் என்பதை அவருக்கு யாரும் காட்டித்தரவில்லை. மனமாற்றத்தைப் போதிக்கத் தெரிந்த சபைகள் வளர்ப்பைப் போதிக்கக் கற்க வேண்டும். பழைய சபைகளின் பாட்டிகளிடம் அந்தக் கல்வி இருக்கிறது. ஆனால் பாட்டிகளும் புதுச் சபைகளும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. சபைப் பிரிவினையால் பிள்ளைகளுக்கு நேரும் இழப்பு இது என்று நான் நம்புகிறேன்.

மொழிக்கு வருவோம், ஏனென்றால் எல்லாக் கூட்டங்களிலும் விவாதம் அங்கேதான் போய் முடிகிறது. மலாய் வழிக் கல்வி, ஆங்கிலத்தில் இணையம், வீட்டில் கலப்புத் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைக்குப் பவர் என்பவரின் மொழிபெயர்ப்பு வழிவந்த வேதாகமத் தமிழ் கடினம்தான். கீர்த்தனைகள் அதைவிடக் கடினம். திரையில் பாடலை ஆங்கில எழுத்தில் போடுகிறார்கள், பிள்ளைகள் பாடுகிறார்கள், பொருள் புரிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தரப்பு, தமிழை விட்டால் நாம் யார் என்கிறது. மறு தரப்பு, ஆங்கில ஆராதனை வைக்காவிட்டால் பிள்ளைகள் பக்கத்து ஆங்கிலச் சபைக்குப் போய்விடுவார்கள் என்கிறது. அமெரிக்காவில் கொரியச் சபைகள் இதே வழியில் போனவை. அங்கே இரண்டாம் தலைமுறை சத்தமில்லாமல் வெளியேறுவதை ஹெலன் லீ 1996இல் ஒரு கட்டுரையில் எழுதியபின் அது பரவலாகப் பேசப்பட்டது. வெளியேறியவர்களை வாட்டியது மொழி மட்டும் இல்லை. பெரியவர்களின் சபையில் தங்களுக்குப் பொறுப்போ குரலோ இல்லை என்ற உணர்வும்தான்.

என் முடிவைச் சொல்கிறேன். தமிழை விசுவாசத்துக்கு வாசல்காவலாக நிறுத்தக் கூடாது. தமிழ் சரியாக வராத பிள்ளை தேவனுக்குத் தூரமானவள் என்ற எண்ணம் அவளுக்கு எந்தச் சொல்லாலும் பார்வையாலும் வரக் கூடாது. அதே சமயம், தமிழைக் கைவிட்டால் விசுவாசம் தானாகப் பிழைக்கும் என்பதும் பொய். பாட்டி ஜெபிப்பது தமிழில். பாட்டியின் ஜெபம் பேத்திக்குப் புரியவில்லை என்றால் பேத்தி இழப்பது மொழியை மட்டுமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறவஞ்சியையும் கும்மியையும் கிறிஸ்தவப் பாட்டாக்கினார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக அவற்றைப் பாடிவந்தார்கள். பாட்டு ஒரு குடும்பத்தின் சொத்தாகக் கைமாறிய சான்று அது. ஒரு பாடலைப் பேத்திக்குப் பாட்டி பொருள் சொல்லிக் கற்றுத்தர, பேத்தி அதைச் சபையில் தன் மொழியில் விளக்கிவிட்டுத் தமிழில் பாட, ஒரு மாதத்துக்கு ஒரு பாடல் போதும். தனித்தனி ஆராதனைகளாகப் பிரிப்பதைவிட இது கடினம். என் வாக்கு இதற்கே.

சட்டம் ஒரு விஷயத்தில் பெற்றோர் பக்கம் நிற்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் மதத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ தீர்மானிக்கிறார் என்று மலேசிய அரசியலமைப்பின் 12(4) பிரிவு கூறுகிறது. இந்திரா காந்தி என்ற இந்துத் தாயின் வழக்கில், பிள்ளையின் மதமாற்றத்துக்குத் தாய், தந்தை இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மதம் கடந்து எல்லாப் பெற்றோருக்கும் ஆறுதலான தீர்ப்பு. ஆனால் சட்டம் காப்பது பதிவேட்டில் உள்ள மதத்தை. அரசுப் பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைக்கு நன்னெறிக் கல்வி உண்டு, மறைக்கல்வி இல்லை. எஸ்பிஎம் தேர்வில் விவிலிய அறிவு ஒரு விருப்பப் பாடம். அதை எழுத விரும்பும் பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே சபையில்தான் படிக்க வேண்டும். ஆக, வேலை மறுபடியும் வீட்டுக்கும் சபைக்குமே வருகிறது.

அந்த வீடு முழுக்கக் கிறிஸ்தவ வீடாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது. அம்மா கிறிஸ்தவர், அப்பா இந்து. சித்தப்பா வீட்டில் தைப்பூசக் காவடி. தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கர். விசுவாசம் அவனுக்கு வந்தது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் வழியாக. கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கவலையோடு மட்டுமே பேசும் நம் சபைகள் அந்த வீட்டை நினைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்கச் சமூகவியலாளர் வெர்ன் பெங்ட்சன் 1970இல் தொடங்கி முப்பத்தைந்து ஆண்டுகள் தென் கலிஃபோர்னியாவில் நான்கு தலைமுறைகளைச் சேர்ந்த 3,500க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார். 2013இல் வெளியான அவர் நூலின் முக்கியமான கண்டுபிடிப்பு, பெற்றோர் எவ்வளவு பக்தி உள்ளவர்கள் என்பதோடு, பிள்ளைக்கும் பெற்றோருக்கும், குறிப்பாகத் தகப்பனுக்கும் உள்ள அன்பின் நெருக்கம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது. கண்டிப்பான, தூரமான தகப்பனின் பக்தி பிள்ளையிடம் தங்குவதில்லை. தாத்தா பாட்டியின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது என்றும் அவர் காட்டினார். கலிஃபோர்னியா வேறு, ஜோகூர் வேறு. ஆனாலும் ஷிப்ட் முடிந்து களைத்து வரும் நம் தகப்பன்மாருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நீண்ட பிரசங்கம் தேவையில்லை. பிள்ளையைக் கோபமின்றிப் பள்ளியில் இறக்கிவிடும் பத்து நிமிடம்கூட அந்த நெருக்கத்துக்கு உதவும்.

வீட்டிலேயே விசுவாசத்தை வளர்க்கும் பாதையை மலேசியக் கத்தோலிக்கர் ஒருமுறை துணிச்சலாகத் தேர்ந்ததுண்டு. 1976 ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் குருக்கள் பங்குகளைப் பொதுநிலையினரிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் பினாங்கில் கூடி, திருச்சபையின் எதிர்காலத்தை ஆலோசித்தார்கள். வெளிநாட்டுக் குருக்கள் குறைந்துகொண்டிருந்த காலம். வீடுகளில் கூடும் அடிப்படைக் கிறிஸ்தவச் சமூகங்களுக்கு முதலிடம் என்பது அங்கே எடுத்த முடிவு. தாமான் வாரியாக அண்டை வீட்டார் கூடி விவிலியம் வாசிக்கும் அந்தக் கூட்டங்கள், லயத்து மாலை ஜெபத்துக்கு நகரம் கண்ட மாற்று. பல இடங்களில் இன்று அவை முதியோர் கூட்டங்களாகிவிட்டன. பிள்ளைகள் பக்கத்து அறையில் கைபேசியோடு இருக்கிறார்கள். நாமே அவர்களை அங்கே அனுப்புகிறோம், தொந்தரவு வேண்டாம் என்று. சவேரியார் பிள்ளைகளைக் கொண்டு பெரியவர்களுக்குக் கற்பித்தார்.

பாடத்தின் உள்ளடக்கத்திலும் குறை உண்டு. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் பாசிர் கூடாங்கில் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள், மூச்சுத்திணறலுக்கு ஆளானார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. போப் பிரான்சிஸின் 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வெளிவந்து அப்போது ஏறக்குறைய நான்கு ஆண்டு ஆகியிருந்தது. தன் வகுப்புத் தோழன் மயங்கி விழுந்ததைப் பார்த்த பிள்ளை மறைக்கல்வி வகுப்பில் நோவாவின் பேழைக்கு வண்ணம் தீட்டினால், விசுவாசத்துக்கும் தன் ஊருக்கும் தொடர்பில்லை என்றே நினைக்கும். லாபத்துக்காக ஆற்றில் நஞ்சு கொட்டுவது பாவமா, அதைச் செய்யும் நிறுவனத்தில் ஒரு விசுவாசி வேலை பார்த்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளைப் பதினைந்து வயதுப் பிள்ளையோடு பேசலாம். அவர்கள் பேசக் காத்திருக்கிறார்கள்.

சரியாக நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஜூலை மாதம் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து பேருந்துகள் போகின்றன. 2019இல் பெருங்கோவில் தகுதி பெற்ற அந்தத் தலம் இயேசுவின் பாட்டியாருடையது என்பதே பொருத்தம். ஜோகூரிலிருந்து இரவு முழுதும் பயணம், சோற்றுப் பொட்டலம், மெழுகுவர்த்திப் பவனி, தமிழும் சீனமும் ஆங்கிலமும் கலந்த செபம். மூன்று தலைமுறை ஒரே பேருந்தில் பல மணிநேரம் உட்கார்ந்திருக்கிறது. எந்த மறைக்கல்வி வகுப்பும் கொடுக்காத நேரம் அது.

2025 ஜனவரி 1 முதல் ஜோகூரில் சனி, ஞாயிறு விடுமுறை திரும்பிவிட்டது. வெள்ளியிலும் சனியிலும் ஓடிய வகுப்புகளை ஞாயிறு காலைக்கு நகர்த்தினால் வேலை முடிந்தது என்று சபைகள் நினைத்துவிடக் கூடும். ஷிப்ட்டும் காஸ்வேயும் அப்படியேதான் இருக்கின்றன. கிடைத்த ஞாயிறில் பாதியைப் பெற்றோருக்குக் கொடுங்கள் என்று போதகர்களையும் பங்குத்தந்தையரையும் கேட்டுக்கொள்கிறேன்: மாதத்தில் இரண்டு வாரம் பிள்ளைகளின் வகுப்பில் தாயோ தகப்பனோ கூட உட்காரட்டும். இரவு ஷிப்ட் தகப்பன்மாருக்கு ஏற்ற நேரத்தில் ஒரு வகுப்பு இருக்கட்டும். ஞானத்தந்தை, ஞானத்தாய் என்று பதிவேட்டில் பெயர் எழுதியவர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்து, அந்தப் பிள்ளையோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று சபை கேட்கட்டும்.

எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவது மிக அவசரமான விஷயம். கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று படிப்புக்கும் வேலைக்கும் போகிறார்கள். வழியனுப்பும் ஜெபம் செய்கிறோம், பரிசு கொடுக்கிறோம். போகும் ஊரின் சபைக்கு ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் லுத்தரன் சீயோன் ஆலயம் இருக்கிறது. சிங்கப்பூர் ஓஃபிர் சாலையில் 1888 முதல் தமிழ்க் கத்தோலிக்கரின் லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. மகள் வந்து சேரும் முதல் வாரத்தில் அங்கிருந்து ஒருவர் அவளைத் தொலைபேசியில் அழைத்து, ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட வா அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்குப் பாசிர் கூடாங்கிலிருந்து அவள் பெயரும் எண்ணும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். அடுத்த எஸ்பிஎம் பரீட்சைக்கு முன் அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒவ்வொரு சபையிலும் ஒருவரை இப்போதே நியமிக்கலாம்.